முழு மயக்கத்தில் ஆபரேஷனா? வெறும் வயிறு என்றால் எவ்வளவு வெறும்?

ஆபரேஷன் காலை 8 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். பிரியாணி, பரோட்டா, பொரித்த அயிட்டம் எதுவும் இரவு 12-க்கு மேல் கூடாது. கொழுப்பு வயிற்றைவிட்டு இறங்க 8 மணி நேரமாவது வேண்டும். இட்லி போன்ற லேசான உணவுக்கு 6 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை, அதாவது காலை 6 வரை குடிக்கலாம்.

பலரும் சறுக்குவது டீயில். "டீ தானே" என்று விடிகாலையில் அரை டம்ளர் கொடுத்துவிடுவார்கள். பால் வயிற்றுக்குள் திரிந்து கட்டியாகும். அதனால் பால் டீ, காபி, மோர் எல்லாமே சாப்பாட்டுக் கணக்குதான். தாய்ப்பாலுக்கு மட்டும் 4 மணி நேரம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. மயக்கம் ஏறியதும் இருமலும் விழுங்குவதும் நின்றுபோகும். இரைப்பையின் வாயும் தளரும். உள்ளே இருப்பது மேலேறி நுரையீரலில் இறங்கினால், அமிலம் அதை வேகவைத்துவிடும். குடித்துவிட்டீர்களா, மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அதற்காக முதல் நாள் இரவிலிருந்தே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய வேண்டாம். மயக்க மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். உடம்பில் நீர் வற்றியிருந்தால் பிரஷர் இன்னும் விழும். டெல்மிசார்டன், ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரைகளை அன்று காலை பெரும்பாலும் நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஆனால் இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடக்கூடிய மருந்து அது. நெஞ்சு எரிச்சல் அதிகம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எடை குறைக்க ஊசி போடுபவர்கள் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால், உங்களுக்கான நேரக் கணக்கை அவர் தனியாகத் தருவார். ஆடும் பல், பல்செட் இருந்தாலும் சொல்லுங்கள்.

தியேட்டரில் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி வைத்து, சுமார் 3 நிமிடம் ஆக்ஸிஜன் தருவார்கள். பயப்படாமல் நன்றாக இழுத்து விடுங்கள். மருந்து ஏறியதும் மூச்சு நின்றுவிடும். தொண்டை வழியாகச் சுவாசக் குழாய் பொருத்தும்வரை தாங்குவது இந்த ஆக்ஸிஜன் சேமிப்புதான். புரபோஃபால் என்ற மயக்க ஊசி மருந்து, 60 கிலோ எடைக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம், ஏறும்போது கை ரத்தக்குழாய் எரியலாம். அரை நிமிடத்திலோ சற்றுக் கூடுதலாகவோ நினைவு போய்விடும்.

விழிக்கும்போது உடம்பு உதறலாம். தளர்ந்த ரத்தக்குழாய்கள் வழியாக உள்சூடு தோலுக்கு ஓடி, முதல் ஒரு மணி நேரத்தில் 1 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கியிருக்கும், போர்வையால் சரியாகும். குழாய் வைத்ததால் தொண்டை ஓரிரு நாள் கரகரக்கும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டவோ, பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ கூடாது.