பிடிக்கும், பிடிக்காது: ஆங்கிலத்தில் சொல்லும் முறை

‘எனக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும்’ என்னும் வாக்கியத்தில் பாட்டுதான் எழுவாய். சொல்பவர் நான்காம் வேற்றுமை ஏற்று, ‘எனக்கு’ என்று சற்று ஒதுங்கி நிற்கிறார். ‘ஐ லைக் திஸ் ஸாங்’ என்னும்போதோ அவரே எழுவாயாகி முன்னால் வந்துவிடுகிறார். ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் புதிதாக வந்த தமிழர்கள் விருப்பு வெறுப்புகளை ஆங்கிலத்தில் சொல்லும்போது நேரும் சங்கடங்கள் சில இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் எளிதில் திருத்திக்கொள்ளக்கூடியவை. ‘பிடித்திருக்கிறது’ என்பதை மனத்தில் வைத்து ‘ஐ ஆம் லைக்கிங்’ என்று தொடங்காமல் ‘ஐ லைக் இட்’ என்று சொல்லுங்கள். தமிழில் ‘பிடிக்கும்’ என்ற ஒரு சொல்லே முழு விடையாகிவிடும். ஆங்கிலத்தில் ‘ஐ லைக்’ என்று நிறுத்தினால், எதை என்று கேட்பவர் காத்திருப்பார். ‘மிகவும்’ என்பதற்கு ‘ஐ ரியலி லைக் இட்’ போதும். ‘என்ஜாய்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு வினையைச் சொல்வதானால் ‘ஸ்விம்மிங்’, ‘ரீடிங்’ போன்ற வடிவமே வரும்.

‘ஐ லைக்’ என்பது நிலையான விருப்பம். ‘ஐ வுட் லைக்’ என்பது இப்போது ஒன்று வேண்டும் எனப் பணிவாகக் கேட்பது. ‘வுட் யூ லைக் சம் ஹெல்ப்?’ என்று ஒருவர் கேட்டால், ‘ஐ லைக்’ என்பது விடையாகாது. ‘யெஸ், ப்ளீஸ்’ அல்லது ‘நோ, தேங்க் யூ’ என்பதே விடை. ‘வேண்டாம்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘ஐ டோன்ட் வான்ட்’ என்றால், நாம் எண்ணாத கடுமை அதில் ஏறிவிடும்.

பிடிக்காததைச் சொல்வதில்தான் கூடுதல் கவனம் தேவை. ‘ஐ டோன்ட் லைக் இட்’ பிழையன்று. ஆனால் ஒருவர் ஆசையோடு காட்டிய பொருளைப் பற்றிச் சொல்லும்போது அது முகத்தில் அறைந்தாற்போல் ஒலிக்கக்கூடும். ‘இட்ஸ் நாட் ரியலி ஃபார் மீ’ என்று சொல்லிப் பாருங்கள். இங்குள்ள ‘ஃபார் மீ’ ஏறக்குறைய நம் ‘எனக்கு’ தான். குறை பொருளின்மேல் விழாமல் சொல்பவரின் சுவையோடு நின்றுவிடுகிறது. ‘ஐ ஆம் நாட் வெரி கீன் ஆன் இட்’ என்பதும் இத்தகையதே, பிரித்தானியரிடம் அதிகம் கேட்கலாம். ‘ஹேட்’ என்ற சொல்லை, குறிப்பாக மனிதர்களைப் பற்றிப் பேசும்போது, தவிர்த்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டில் எதுவானாலும் சம்மதம் என்றால் ‘ஐ டோன்ட் மைண்ட்’ என்று சொல்லுங்கள். ‘ஐ டோன்ட் கேர்’ என்பது அலட்சியமாகப் படும். ஆனால் இந்த ‘மைண்ட்’ கேள்வியில் வரும்போது விடை தலைகீழாகும். ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன் த விண்டோ?’ என்றால், ஜன்னலைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று பொருள்; திறக்கட்டும் என்று நினைத்து வெறுமனே ‘யெஸ்’ என்றால் மறுத்ததாகவே ஆகும். ‘நாட் அட் ஆல்’ என்று சொன்னால் அவர் தயங்காமல் திறப்பார்.