கராம்பு, உள்ளி, கற்பூரவள்ளி: உணவைக் காக்கும் சாறுகளை வீட்டிலேயே பிரித்தெடுக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் மறைந்துவிட்டால், யாழ்ப்பாணத்து வீடுகளில் வடகம் காயாமல் புளித்துப்போவதும் தேசிக்காய் ஊறுகாயின் மேல் பூஞ்சணம் படர்வதும் வழக்கம். இதற்கு மாற்றாகச் சிலர் கராம்பையும் கறுவாப் பட்டையையும் முழுதாகவே போத்தலுக்குள் போட்டு வைக்கிறார்கள். அதனால் மணம் சேர்கிறது. பாதுகாப்பு அவ்வளவாகச் சேர்வதில்லை. நுண்ணங்கிகளைத் தடுக்கும் சேர்மங்கள் இலையிலும் பட்டையிலும் அடைபட்டுக் கிடப்பவை. அவற்றை வெளியே கொண்டுவர வினாகிரி பொருந்துமா, நீராவி பொருந்துமா என்பதை அந்தந்தச் சேர்மத்தின் இயல்பை அறிந்தே தீர்மானிக்க வேண்டும்.

கராம்பில் யூஜினோலும், கறுவாப் பட்டையில் சினமால்டிகைட்டும், ஓமத்தில் தைமோலும், கற்பூரவள்ளியில் காவக்ரோல், தைமோல் ஆகியனவும் முதன்மையாக உள்ளன. இவையெல்லாம் நீரை விட எண்ணெயை நாடும் பொருள்கள் என்பதால், பற்றீரியாவின் மென்சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்துகின்றன. உள்ளேயிருக்கும் பொற்றாசியம் அயன்கள் கசிந்து வெளியேற, நுண்ணங்கி வலுவிழக்கிறது. அதே இயல்புதான் இவற்றின் குறைபாடும் ஆகும். தேங்காய்ப்பால் ஊற்றிய கறியில் இவை கொழுப்போடு போய் ஒதுங்கிவிடுவதால், நுண்ணங்கி வளரும் நீர்ப்பகுதியில் மிகக் குறைவாகவே எஞ்சும். ஆகையால் கொழுப்புக் குறைந்த, புளிப்பும் உப்பும் உள்ள ஊறுகாய், அச்சாறு, சட்னி போன்றவற்றுக்கே இந்தச் சாறுகள் பொருத்தமானவை. நம் கறித்தூளுக்காகச் சரக்குகளை வறுக்கும்போது தெருமுனை வரை வீசும் மணத்தோடு இந்தச் சேர்மங்களும் பறந்துவிடுகின்றன. வறுத்த தூளிலிருந்து சாறு எடுக்க முயல்வது வீண் வேலை. வறுக்காத சரக்கையே வாங்க வேண்டும்.

முதலில் உள்ளிச் சாற்றைப் பார்ப்போம். உள்ளியில் நுண்ணங்கிகளைத் தடுப்பது அல்லிசின் என்ற சேர்மம்; ஆனால் பல்லுக்குள் அது ஆயத்தமாக இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது அல்லின் என்ற பொருளும் அல்லினேசு என்ற நொதியமும் கலந்த பின்னரே அது உருவாகிறது. வேகவைத்தால் அந்த நொதியம் அழிந்துவிடும். கடும் புளிப்பும் அதைச் செயலிழக்கச் செய்யும். எனவே 100 கிராம் உள்ளியைத் தோலுரித்து அம்மியிலோ உரலிலோ நன்றாக நசுக்கி, 10 நிமிடம் அப்படியே மூடி வைத்துவிட்டு, அதன் பிறகே 500 மில்லிலீற்றர் வினாகிரியை ஊற்ற வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றி, வினாகிரிக்குள் போட்டு அரைப்பவர்களுக்கு மணம் மட்டுமே மிஞ்சும். ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மெல்லிய துணியில் வடித்து, கண்ணாடிப் போத்தலில் அடைத்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும். உள்ளி பச்சையாகவோ நீலமாகவோ நிறம் மாறினால் அஞ்ச வேண்டியதில்லை. அமிலத்தில் அது இயல்பாக நிகழ்வதுதான். கடுகுக்கும் இதே ஒழுங்குதான்: அரைத்த கடுகைக் குளிர்ந்த நீரில் குழைத்து, 10 நிமிடம் பொறுத்து, காரம் ஏறிய பின் வினாகிரி சேர்க்க வேண்டும்.

கராம்பிலும் கறுவாவிலும் சேர்மங்கள் முன்பே உருவாகியிருப்பதால் காத்திருக்கத் தேவையில்லை. 10 கிராம் கராம்பையும் 20 கிராம் கறுவாவையும் கொரகொரப்பாக இடித்து, கை பொறுக்கும் சூட்டை விடச் சற்று அதிகமாகச் சூடாக்கிய 500 மில்லிலீற்றர் வினாகிரியில் இட்டு, மூடி, இருட்டான இடத்தில் இரண்டு வாரம் வைத்து, நாள்தோறும் ஒருமுறை குலுக்கி, பின்னர் வடிக்கலாம். வினாகிரியைக் கொதிக்க விடக்கூடாது. அலுமினியப் பாத்திரமும் பித்தளைப் பாத்திரமும் இதற்கு ஆகா. தென்னிலங்கையில் விளையும் அசல் கறுவாவே நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது நமக்கு ஒரு வசதி. வெளிநாட்டுக் கசியாப் பட்டையில் ஈரலுக்கு ஒவ்வாத குமாரின் பல மடங்கு அதிகம்.

கற்பூரவள்ளி தண்ணீர்ச் சத்து மிகுந்த இலை என்பதால், அதை அப்படியே வினாகிரியில் போட்டால் புளிப்பு நீர்த்துப்போகும். அதற்கு நீராவி வடிப்பே ஏற்றது. வாய் அகன்ற எவர்சில்வர்ப் பானையின் நடுவில் ஒரு சிறு கிண்ணத்தைத் தாங்கியின் மேல் வைத்து, சுற்றிலும் ஒன்றரை லீற்றர் நீரும் அரிந்த இலை 300 கிராமும் இட்டு, குமிழ் கீழ்நோக்கி இருக்கும்படி மூடியைக் கவிழ்த்து மூடி, மூடியின் மேல் ஐஸ்கட்டிகளைப் பரப்ப வேண்டும். மெல்லிய தீயில் எழும் நீராவி மூடியில் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்துக்குள் சொட்டும். முதல் 150 முதல் 200 மில்லிலீற்றர் வரை சேர்ப்பது போதும். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் வெறும் நீரே. யூஜினோலின் கொதிநிலை 254 பாகை செல்சியஸ் ஆயினும், நீரோடு சேர்ந்து ஆவியாகும்போது அது 100 பாகைக்குக் கீழேயே வந்துவிடுகிறது; இம்முறை வீட்டு அடுப்பில் சாத்தியமாவதன் காரணம் அதுவே. நம் கிணற்று நீரின் சுண்ணாம்பு பானையில் படியுமே தவிர, வடிநீரில் சேராது. பானை வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரஷர் குக்கரின் ஆவித் துளையில் குழாயைச் செருகி வடிப்பவர்களும் உண்டு. இலைத்துணுக்கு அடைத்தால் வெடிக்கும் என்பதால் அதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கராம்பை இவ்வாறு வடித்தால் பால்போன்ற நீர் கிடைக்கும். அதை அசையாமல் வைத்தால், எண்ணெய் நீரைவிடச் சற்றுக் கனமானது என்பதால் அடியில் துளிகளாகத் தங்கும். அந்தத் துளிகளில் மிகுந்த கவனம் தேவை. உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் இணைந்த நிபுணர் குழு யூஜினோலுக்கு நாளொன்றுக்கு உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 2.5 மில்லிகிராம் என எல்லை வகுத்துள்ளது. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு அது 125 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ மூன்று துளி. குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் இந்த எண்ணெயை வைக்கவே கூடாது. தைமோல் ஒரு லீற்றர் நீரில் 1 கிராம் அளவே கரைவதால் வடிநீர்கள் இயல்பாகவே மென்மையானவை. அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பச்சை உள்ளியையோ பச்சை இலைகளையோ நல்லெண்ணெயில் ஊறவைத்து வெளியில் வைக்கும் பழக்கம் ஆபத்தானது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. பொட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் பற்றீரியாவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. 1985இல் கனடாவின் வன்கூவரில், எண்ணெயில் இட்டு வெளியில் வைக்கப்பட்டிருந்த உள்ளியால் 36 பேர் நோயுற்றனர். அந்த நஞ்சுக்கு மணமோ சுவையோ கிடையாது.

ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரியில் கால் பங்கை இந்த வினாகிரிச் சாறுகளாக மாற்றிக்கொள்ளலாம். உப்பைக் குறைக்கக் கூடாது, புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் (பெறுமானம் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெறுமானம் 4.6க்குக் கீழே, இயன்றால் 4.2க்கும் கீழே, இருக்க வேண்டும். மீனைப் பொறுத்தவரை என் கணிப்பு சற்றுக் கடுமையானது: மீனைக் கெடுக்கும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் வெளிச்சவ்வு உடையவை, இச்சேர்மங்களைத் தாங்கி நிற்பவை. பாசையூரில் வாங்கிய சூரையை ஐஸில் வைக்காமல் கராம்புச் சாறு பூசி வைத்தால், மணம் நன்றாக இருக்கும்போதே, உண்பவரை நோயுறச் செய்யும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். அது சமைத்தாலும் நீங்காது.

எடுத்த சாறு வேலை செய்கிறதா என்பதைப் பாண் துண்டுகளைக் கொண்டு சோதிக்கலாம். ஒரே பாணிலிருந்து வெட்டிய இரு துண்டுகளை இரு கண்ணாடிப் போத்தல்களில் இட்டு, ஒன்றில் மட்டும் கராம்பு எண்ணெய் தொட்ட பஞ்சைப் பாணில் படாதவாறு வைத்து, இரண்டையும் மூடி, பூஞ்சணம் எதில் முந்துகிறது என்று நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும். இச்சோதனை பூஞ்சணத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். நோய்தரும் பற்றீரியாவைப் பற்றி எதுவும் சொல்லாது. சோதித்த பாணை உண்ணாமல் எறிந்துவிட வேண்டும்.

இச்சாறு சேர்த்த ஊறுகாயை விற்க எண்ணுபவர்களுக்கு வீட்டுச் சோதனை போதாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்பதால், ஆய்வுகூடத்தில் பி.எச். பெறுமானத்தையும் நுண்ணங்கி எண்ணிக்கையையும் அளந்து பெற்றுக்கொண்டு, லேபிள் அச்சடிப்பதற்கு முன்பே தத்தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு பேசுவது நல்லது.