அரிய ஸ்போர்ட்ஸ் காரின் பெயிண்டைக் கெடுக்கும் தவறுகள்

ஓர் அரிய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யலாம். கிடைக்காத உதிரி பாகத்தைக்கூடக் கடைந்து உருவாக்கிவிடலாம். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் மட்டும் ஒரே ஒரு முறை கிடைப்பது. அதைச் சுரண்டிவிட்டு எவ்வளவு நேர்த்தியாக மறுபூச்சு அடித்தாலும், வாங்க வருபவரின் கணக்கில் அது மறுபூச்சுதான். அப்படிப்பட்ட பெயிண்ட் வெயிலாலும் மழையாலும் கெடுவதைவிட, உரிமையாளர் ஆசையோடு துடைத்துத் துடைத்தே அதிகம் கெடுகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, தேவை இருக்கிறதா என்று பாராமல் பாலிஷ் போடுவது. இன்றைய கார்களின் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் இருக்கும். அதில் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்; தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை அன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து இறக்கும் வேலை. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போய்விடும், போனது திரும்பாது. விளக்கொளியில் சிலந்தி வலைபோல் தெரியும் மெல்லிய கீறல்களை முழுவதும் நீக்கியே தீர வேண்டும் என்று ஆண்டுதோறும் பாலிஷ் மெஷினை எடுப்பவர், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கி நிற்கும் அடுக்கையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறார். மிக மென்மையான பாலிஷும் மெஷினில் மாட்டும் நுரைப்பஞ்சும் கொண்டு, கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு சாண் பரப்பில் சோதித்துப் பார்த்து, அதில் கிடைக்கும் பலன் போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்வதே சரி. ஆழமான ஒரு கீறலை அப்படியே விட்டுவைப்பதில் குறை ஒன்றும் இல்லை. தடிமனான பெயிண்டில் ஒரு கீறல் இருப்பது, கீறலே இல்லாத மெலிந்த பெயிண்டைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தடிமனை அளக்காமல் தொடங்குவதும் இதோடு சேர்ந்த தவறே. அளப்பவர்களும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். காந்த முறையில் இயங்கும் சாதாரண மீட்டர் இரும்புத் தகட்டின் மீதுதான் அளக்கும். அலுமினியத்துக்குச் சுழல் மின்னோட்ட முறையில் அளக்கும் மீட்டர் வேண்டும். கார்பன் ஃபைபர் உடலுக்கோ மீயொலி மீட்டர்தான் பயன்படும். 1987இல் அறிமுகமான ஃபெராரி எஃப்40 காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடற்பகுதிகள் கார்பன் ஃபைபரும் கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையும் சேர்ந்த கலவையால் ஆனவை. எடையைக் குறைப்பதற்காகப் பெயிண்டை மிக மெல்லியதாக அடித்ததால், சரியான கோணத்தில் ஒளி விழும்போது உள்ளிருக்கும் இழைகளின் நெசவு சிவப்பின் ஊடாகத் தெரியும். இதைக் குறை என்று எண்ணித் தேய்த்துச் சமன்செய்வதும், தடிமனாக மறுபூச்சு அடித்து மறைப்பதும் அந்தக் காரின் அடையாளத்தையே அழிப்பதாகும். இழைக் கலவையும் பிளாஸ்டிக்கும் அலுமினியத்தைப்போல வெப்பத்தைப் பரப்பிவிடாது என்பதால், சுழலும் பஃபிங் மெஷினை அவற்றின் மேல் ஒரே இடத்தில் சில நொடி நிறுத்தினாலும் சூடு அங்கேயே தேங்கிப் பெயிண்டைக் கருக்கிவிடும். கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்புக்கோடு போன்ற இடங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கே டேப் ஒட்டிய பிறகே மெஷினைத் தொட வேண்டும்.

பழைய கார்கள் பலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருக்கும். அத்தகைய சிவப்புக் கார் ஒன்றில் பாலிஷ் தொட்ட வெள்ளைத் துணி இரண்டே இழுப்பில் குங்குமம் ஒற்றியதுபோல் ஆகிவிடும். அழுக்கு வருகிறது என்று மகிழ்ந்து மேலும் அழுத்தித் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியில் ஏறியது அழுக்கு அன்று, காரின் நிறமேதான்.

இனி கழுவுவதற்கு வருவோம். சிலந்தி வலைக் கீறல்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் ஒரு துடைப்புத் துடைப்பது, மணலைத் தூவித் தேய்ப்பதற்குச் சமம். முதலில் நீரையும் நுரையையும் மட்டும் அடித்து மண் துகள்களை இறங்கவிட வேண்டும். பிறகு சோப்பு நீருக்கு ஒரு வாளி, காரைக் கழுவும் கையுறையை அலசுவதற்கு ஒரு வாளி என்று பிரித்து, மேலிருந்து கீழாக அழுத்தாமல் கழுவ வேண்டும். தரையில் விழுந்த மைக்ரோஃபைபர் துணியை உதறிவிட்டு மீண்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் இழைகளில் சிக்கிய ஒரு மணல் துகள் பானெட்டின் நீளத்துக்குக் கோடு போடப் போதும். பாத்திரம் கழுவும் திரவம் கிரீஸையும் வாக்ஸையும் ஒன்றாகவே உரித்துவிடும். வெயிலில் கழுவினால் நீர் தானாக உலர்ந்து, அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் வட்ட வட்டக் கறையாகத் தங்கிவிடும். பறவை எச்சத்தைக் கண்டால் சுரண்டாமல், ஈரத்துணியைச் சற்று நேரம் அதன் மேல் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது கிளியர் கோட்டையே அரித்துவிடும்.

சக்கரங்களுக்கு அமிலம் கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம். குறிப்பாக மக்னீசியம் சக்கரத்தில் பூச்சு சற்றுப் பெயர்ந்திருந்தாலும் அமிலம் உலோகத்தைத் தின்றுவிடும்.

பாதுகாப்புப் பூச்சுகளைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் ஏராளம். செராமிக் கோட்டிங் அடித்தால் கல் தெறித்தாலும் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். நீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கிப் போக அது உதவும். ஓரிரு மைக்ரான் அளவே உள்ள அந்தப் படலத்தால் கல்லைத் தடுக்க இயலாது. கல்லடிக்கு ஏற்றது ஏறத்தாழ 200 மைக்ரான் தடிமனுள்ள பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம்தான். அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடக் கூடாது. புதிதாக அடித்த பெயிண்டில் கரைப்பான் முழுவதும் ஆவியாவதற்குள் ஃபிலிம் ஒட்டினால் அது உள்ளேயே அடைபட்டுவிடும். பழைய பெயிண்டிலோ, பிற்பாடு ஃபிலிமை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும் அபாயம் உண்டு. காரின் மேலேயே பிளேடு வைத்து ஃபிலிமை வெட்டுபவரிடம் அரிய காரைக் கொடுக்காதீர்கள். அளவெடுத்து முன்கூட்டியே வெட்டிய துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் என்றால் பாலிஷ், பளபளப்பு வாக்ஸ் இரண்டுமே ஆகாது. ஒரு முறை தேய்த்துப் பளபளத்த இடத்தை மறுபடி மேட்டாக மாற்ற, அந்தப் பகுதி முழுவதையும் புதிதாக அடிப்பதைத் தவிர வழியில்லை.

ஈரமான காரை உறை போட்டு மூடுவதும், தூசி படிந்த காரின் மேல் உறையை இழுத்துப் போடுவதும் ஒன்றுக்கொன்று குறையாத தவறுகள். உறைக்கடியில் தங்கும் ஈரம் பெயிண்டைக் கொப்புளமாக்கும். தளர்வான உறை காற்றில் அசையும் ஒவ்வொரு முறையும் தூசியைப் பெயிண்டில் தேய்க்கும்.

கடைசியாக, மூக்குப் பகுதியில் ஒரு கல் தெறித்துப் புள்ளி விழுந்ததற்காகப் பம்பர் முழுவதற்கும் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொல்பவர்களை நிறுத்தி வையுங்கள். காரின் நிறக் குறியீட்டைப் பார்த்து அதே நிறத்தில் டச்-அப் பெயிண்ட் வாங்கி, புள்ளியைச் சுத்தம் செய்து, மெல்லிய தூரிகையின் நுனியால் துளித் துளியாகப் பள்ளத்துக்குள் மட்டும் வைத்து, ஒவ்வொரு துளியும் காய்ந்த பிறகே அடுத்ததை வையுங்கள். அருகில் குனிந்து பார்த்தால் அந்தப் புள்ளி தெரியத்தான் செய்யும். அதைச் சுற்றியுள்ள பெயிண்டோ, தொழிற்சாலையில் அடித்தபடியே இருக்கும்.