எச்சில் சுரப்பி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: புதிதாகப் புரோப் பிடிக்கும் டாக்டர்களுக்கு

"தண்ணி குடிக்காம காரச்சேவு தொண்டைல இறங்க மாட்டேங்கு" என்று ஒரு ஆச்சி சொன்னால், பாளையங்கோட்டை வெயில்மேல் பழியைப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். வாயும் கண்ணும் மூன்று மாதத்துக்கு மேல் வறண்டு, கன்னமும் அவ்வப்போது வீங்கினால் ஷோக்ரன் நோயை நினைக்க வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பியைத் தாக்கும் நோய் இது. மாத்திரைப் பட்டியலையும் கேளுங்கள். சளிக்கான ஆன்டிஹிஸ்டமின், அமிட்ரிப்டிலின் இரண்டுமே வாயை வறள வைக்கும். ஆனால் ஸ்கேனில் சுரப்பி நன்றாகவே இருக்கும்.

மெஷின்

லீனியர் புரோப், 12 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். டெப்த் 3 முதல் 4 செ.மீ., போகஸ் சுரப்பியின் நடுவில். கெயினை (படத்தின் வெளிச்சத்தை) ஒருமுறை சரிசெய்தால், இரு பக்கமும் சேர்த்து நான்கு சுரப்பியும் முடியும்வரை அதைத் தொடாதீர்கள். கூட்டினால் சின்னக் கரும்புள்ளிகள் மறைந்துவிடும், குறைத்தால் நல்ல சுரப்பியும் கெட்டதாகத் தெரியும். மெஷினுக்கு பிசிபிஎன்டிடி (கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம்) பதிவு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்; கழுத்துதானே பார்க்கிறோம் என்ற சமாதானம் எடுபடாது.

பார்க்கும் முறை

மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்கடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். "ஆச்சி, முகத்தை அந்தப் பக்கமா திருப்பிக்கோங்க." பாம்படம் போட்டுக் காது வளர்த்தவர்களுக்குத் தொங்கும் காது, புரோப் வைக்கிற இடத்திலேயே வந்து விழும். நகையைக் கழற்றச் சொல்லி, காதை மேலே மடித்துப் பேப்பர் பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். தாடிக்காரர்களுக்கு ஜெல் தாராளமாக வேண்டும். முடிக்குள் காற்று நின்றால் படத்தில் கறுப்புக் கோடு விழும்.

முதலில் பரோட்டிட், அதாவது காதோரச் சுரப்பி. காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்கு இணையாக நெடுக்கில் வைத்து, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். பிறகு 90 டிகிரி திருப்பிக் குறுக்கில் மேலிருந்து கீழ்வரை. நல்ல சுரப்பி, பக்கத்து மென்று தின்னும் தசையைவிட வெளுப்பாக, ஒரே சீராக இருக்கும். எலும்பு நிழலில் ஆழ்பகுதி தெரியாது. அந்த இருட்டை நோய் என்று எழுதக் கூடாது. அடுத்து சப்மாண்டிபுலர், அதாவது தாடையடிச் சுரப்பி: தாடை விளிம்புக்குக் கீழே, எலும்புக்கு இணையாக. இரண்டு பக்கமும் பாருங்கள்.

அழுத்தாதீர்கள். அழுத்தினால் சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்கி, டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் முறை) ரத்த ஓட்டமே இல்லாததுபோல் ஆகும். எச்சில் வரும் நாளத்தைப் பார்க்க எலுமிச்சை கொடுப்பதாக இருந்தால் டாப்ளர் முடிந்தபின் கொடுங்கள். புளிப்பு பட்டாலே ரத்த ஓட்டம் கூடிவிடும்.

மதிப்பெண்

ஒவ்வொரு சுரப்பிக்கும் 0 முதல் 3 வரை. சீராக இருந்தால் 0. லேசாகச் சீர் குலைந்து, கரும்புள்ளி இல்லாவிட்டால் 1. அங்கங்கே கரும்புள்ளிகள், இடையில் நல்ல திசு மீதமிருந்தால் 2. சுரப்பி முழுக்கக் கரும்புள்ளி, அல்லது நார் பாய்ந்து வெள்ளைக் கோடுகளாக இருந்தால் 3. சந்தேகத்துக்குரியது 2-லிருந்துதான், 1 நோய் இல்லாதவர்களிடமும் வரும்.

புதியவர்கள் வழுக்குவது இங்கேதான். கரும்புள்ளி என்று நினைத்தது ரத்தக்குழாயாக இருக்கும்: டாப்ளர் போட்டால் நிறம் வரும், புரோப்பைத் திருப்பினால் நீண்ட குழாயாகும். பரோட்டிட்டுக்குள் நிணநீர்க் கணுக்களும் உண்டு. முட்டை வடிவம், நடுவில் வெளுப்பு என்றால் அது கணு. ஒரு திசையில் மட்டும் பார்த்து மார்க் போடுவதால்தான் இவ்வளவு தப்பும்.

சர்க்கரைக்காரர்களுக்குச் சுரப்பி பெருத்து, மேலே வெள்ளையாகவும் அடியில் மங்கலாகவும் வரும், கரும்புள்ளி இருக்காது. சார்காய்டோசிஸ், எச்.ஐ.வி., ஐஜிஜி4 நோய் ஆகியவை ஷோக்ரன் மாதிரியே வேஷம் கட்டும். ஷோக்ரனை வகைப்படுத்த அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் வகுத்த 2016-ஆம் ஆண்டின் ஏசிஆர்/யூலார் அளவுகோலில் ஸ்கேனுக்குப் புள்ளியே இல்லை. ஆன்டி-ரோ ரத்தப் பரிசோதனைக்கும் உதட்டுத் திசுப் பரிசோதனைக்கும் தலா 3 புள்ளி. எனவே ரிப்போர்ட்டில் "ஷோக்ரன்" என்று முடிவு எழுதாமல், நான்கு சுரப்பியின் மதிப்பெண்ணையும் டாப்ளர் நிலையையும் தனித்தனியாக எழுதுங்கள்.

மற்றப் புள்ளிகளைவிடப் பெரிதாக, ஒற்றைக் கரும்கட்டி தெரிந்தாலோ, ஒரு பக்க வீக்கம் வற்றாமல் வளர்ந்தாலோ லிம்போமாவாக (நிணநீர்ப் புற்றுநோய்) இருக்கலாம். மூன்று திசையிலும் அளந்து, படத்தோடு, திசு எடுக்க அன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.