கொரோனா நேரத்துல வெளிநாட்டு வாடகை வீடு: பெட்டிய பிரிக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

தெரியாத நாட்டுல அப்பார்ட்மென்ட் வாடகைக்கு எடுத்து தனியா போய் இறங்கப்போறவங்களுக்காக இத எழுதறேன். 2020ல நான் அப்படித்தான் போனேன், கதவ சாத்தினா 14 நாள் குவாரன்டைன், ஏதாவது விட்டுப்போனா ஓடிப்போய் வாங்கவும் முடியாது, கேக்கறதுக்கு பக்கத்துல ஆளும் கிடையாது. அதனால வரிசையா சொல்றேன்.

பணம் அனுப்பறதுக்கு முன்னாடி: போட்டோவ மட்டும் பாத்து டெபாசிட் போட்டுடாதீங்க. லைவ் வீடியோ கால்ல வரச்சொல்லி, பில்டிங் வாசல்லேந்து வீடு வரைக்கும் நடந்து காட்டச்சொல்லுங்க, குழாய தொறந்து காட்டச்சொல்லுங்க. அக்ரிமென்ட்ல இருக்கற பேரும் பேங்க் அக்கவுன்ட் பேரும் வேற வேறயா இருந்தா, ஏன்னு சரியான பதில் வர்ற வரைக்கும் காசு அனுப்பாதீங்க.

சாவி கைக்கு வந்ததும்: பெட்டிய வாசல்லயே வச்சிட்டு மொத்த வீட்டையும் வீடியோ எடுங்க. சுவத்துல கீறல், தரையில கறை, அடுப்பு, மீட்டர் ரீடிங் எல்லாம் தெரியணும். அன்னைக்கே ஓனருக்கு மெயில்ல அனுப்பிடுங்க, காலி பண்றப்ப டெபாசிட் திரும்ப வாங்க அதுதான் உங்க சாட்சி. அப்புறம் எதிரெதிர் பக்கத்துல ரெண்டு ஜன்னல தொறந்து விடுங்க.

இப்போ தண்ணி. இத யாரும் சொல்றதில்ல, ஆனா எனக்கு இதுதான் எல்லாத்தவிட முக்கியம். ஊரடங்குல பல மாசம் ஆளில்லாம பூட்டிக்கிடந்த வீட்டுல பைப்புக்குள்ள தண்ணி தேங்கியே நின்னிருக்கும், அதுல லெஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா வளரலாம், அந்த தண்ணி திவலையா பறந்து மூச்சுல போனா நிமோனியா வரலாம். அதனால எல்லா குழாயையும், சுடுதண்ணி பச்சத்தண்ணி ரெண்டையும், சில நிமிஷம் ஓட விடுங்க. ஷவர அப்படியே தொறந்துவிட்டு கீழ நிக்காதீங்க, ஷவர் தலைய கழட்ட முடிஞ்சா கழட்டுங்க, இல்லன்னா ஒரு பக்கெட் தண்ணிக்குள்ள முங்கற மாதிரி வச்சு மெதுவா தொறந்துட்டு வெளிய வந்துடுங்க.

அடுத்தது பாத்ரூம் தரையில இருக்கற சல்லடை மூடி. அதுக்கு அடியில யூ மாதிரி வளைஞ்ச பைப் இருக்கும், அதுக்கு பேரு ட்ராப், அதுல நிக்கற தண்ணிதான் சாக்கடை காத்த மேல வரவிடாம தடுக்குது. வீடு பூட்டியிருந்தா அது காஞ்சுபோயிடும். எனக்கு ரெண்டாவது நாள் ஒரு நாத்தம், எலி செத்துக்கிடக்குன்னு நெனச்சு வீடு பூரா தேடினேன், எக்ஸாஸ்ட் ஃபேன் போடறப்ப மட்டும் அதிகமாகுதுன்னு அப்புறம்தான் கவனிச்சேன். மூடிய தூக்கி டார்ச் அடிச்சா உள்ள ஒரு சொட்டு தண்ணி இல்ல, வெள்ளையா உப்பு படிஞ்சு கிடக்கு. ரெண்டு மக் தண்ணி ஊத்தினேன், சாயந்தரத்துக்குள்ள நாத்தம் போச்சு. இது வெறும் நாத்த விஷயம் இல்லங்க, 2003ல சார்ஸ்ங்கற மூச்சு நோய் பரவினப்ப ஹாங்காங்ல அமாய் கார்டன்ஸ் அப்பார்ட்மென்ட்ல 300 பேருக்கு மேல தொத்திக்கிச்சு, காஞ்சுபோன இந்த மாதிரி ட்ராப் வழியா எக்ஸாஸ்ட் ஃபேன் சாக்கடை காத்த உள்ள இழுத்தது ஒரு முக்கிய காரணம்னு விசாரணைல சொன்னாங்க. வாரம் ஒரு தடவ எல்லா ட்ராப்லயும் தண்ணி ஊத்துங்க, உபயோகிக்காத சிங்க்லயும் சேத்து.

ஸ்மோக் அலாரம் இருந்தா டெஸ்ட் பட்டன அழுத்திப்பாருங்க, சத்தம் வரலன்னா அன்னைக்கே ஓனர்கிட்ட சொல்லிடுங்க.

தெர்மாமீட்டர், விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் அளவ பாக்கற ஆக்சிமீட்டர் ரெண்டும் கூடவே கொண்டுபோங்க. 2020ல பரவின கொரோனாவுக்கு அறிகுறி பெரும்பாலும் 5, 6 நாள்ல வந்துச்சு, சிலருக்கு 14 நாள் வரைக்கும் ஆச்சு, அதனால நல்லாதான் இருக்கோம்னு மூணாவது நாளே விட்டுடாம தினம் காலைல சாயந்தரம் பாத்து எழுதி வைங்க. ஆக்சிஜன் 94 சதவீதத்துக்கு கீழ எறங்கினா காத்திருக்காம டாக்டர கூப்பிடுங்க.

கடைசியா ஒரு பேப்பர் எடுங்க. அந்த ஊர் ஆம்புலன்ஸ் நம்பர், உங்க முழு அட்ரஸ், எந்த மாடி, கீழ் கதவோட கோட், எல்லாத்தையும் பெருசா எழுதுங்க, அந்த ஊர் பாஷைல தெரு பேர எப்படி சொல்றதுன்னு பக்கத்துலயே தமிழ்ல எழுதிக்கோங்க. மூச்சு வாங்கறப்ப புது அட்ரஸ் ஞாபகத்துக்கு வராது. கட்டில்ல படுத்தபடியே கண்ணுல படற எடத்துல ஒட்டிட்டு, ரெண்டு மூணு தடவ வாய்விட்டு படிச்சுப்பாருங்க. அதுக்கப்புறம் பெட்டிய பிரிங்க.