வைட்டமின் டி குறைபாடு: மாத்திரை தொடங்கிய பின் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் நமக்கு வைட்டமின் டி குறையாது என்று அங்குள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் பலர் எண்ணுகிறார்கள். கருத்த தோலுக்குக் கூடுதல் நேர வெயில் வேண்டும் என்பதையும், இந்தச் சத்தை உண்டாக்கும் கதிர் கார்க் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருவதில்லை என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எனினும் குறைபாடு இருப்பது தெரிந்த பிறகு நடக்கும் தவறுகளே பெரியவை.

அவற்றுள் முதன்மையானது, வாரம் ஒருமுறை விழுங்க வேண்டிய மாத்திரையை நாள்தோறும் விழுங்குவது. பெரியவர்களுக்கு மருத்துவர் பெரும்பாலும் வாரத்துக்கு 50,000 யூனிட் என எட்டு வாரம் வரை எழுதுவார். அதன்பின் நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 யூனிட் போதுமானதாக இருக்கும். வார மாத்திரையை நாள்தோறும் போட்டுக்கொண்டால் அளவு ஏழு மடங்காகி, சில வாரங்களிலோ மாதங்களிலோ இரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், மலச்சிக்கல், தீராத் தாகம், அடிக்கடி சிறுநீர் ஆகியவை தோன்றும், சிறுநீரகமும் கெடலாம். தாகத்தையும் சிறுநீரையும் கண்டு 'சர்க்கரை ஏறிவிட்டது' என்று வேறு திசையில் போய்விடுவது நம் வீடுகளில் எளிது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வழக்கமுள்ளவர்கள் அந்த நாளையே மாத்திரை நாளாக வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது.

அளவுகளைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. ஒரு மைக்ரோகிராம் என்பது 40 யூனிட்; இரத்தப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒன்றே. அண்ணனின் எண்ணோடு தம்பியின் எண்ணை ஒப்பிடும் முன் அலகைப் பார்க்க வேண்டும்.

மற்ற மருந்துகளைச் சொல்லாமல் விடுவது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. இரத்த அழுத்தத்துக்குப் பலர் எடுத்துக்கொள்ளும் ஹைட்ரோகுளோரோதையசைடு கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் உடலில் தேக்கும். வலிப்புக்கான ஃபெனிட்டோயினும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வைட்டமின் டி-யை விரைவாகச் சிதைத்துவிடும். காசநோய் உள்ளவர்களுக்குச் சில சமயம் கால்சியம் தானாகவே ஏறும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

வெறும் வயிற்றில் தேநீரோடு விழுங்குவதை விட, எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும். மூன்று வாரத்தில் மறுபரிசோதனை செய்து மனம் உடைய வேண்டாம். அளவு நிலைபெறச் சுமார் மூன்று மாதம் ஆகும்.

புரட்டாசி விரதத்தில் மீனும் முட்டையும் நிற்கின்றன. அதோடு விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உறை என்று காப்ஸ்யூலையும் நடுவில் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்துவதற்கு முன் ஜெலட்டின் இல்லாத மாத்திரையோ சொட்டு மருந்தோ உண்டா என்று மருந்துக் கடையில் கேளுங்கள். வைட்டமின் டி-யில் டி2 வகை ஈஸ்டிலிருந்து வருவது, டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து வருவது என்பதையும் தெரிந்துகொண்டு, எதை ஏற்பது என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.