ஜெல் துகள்கள்: எண்ணெய்க் கிணற்றில் இறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெய் தங்கியிருக்கும் பாறை ஒரே சீராக இருப்பதில்லை. சம தடிமனுள்ள இரண்டு அடுக்குகளில் ஒன்றின் ஊடுருவுதிறன் (திரவத்தைத் தன்னுள் ஓடவிடும் திறன்) அதன் அலகில் 1000 மில்லிடார்சி, மற்றதுடையது 50 என்று வையுங்கள். எண்ணெயைத் தள்ளிவர ஒரே அழுத்தத்தில் 21 லிட்டர் நீரைச் செலுத்தினால், ஏறத்தாழ 20 லிட்டர் முதல் அடுக்கிலேயே ஓடிவிடும். இரண்டாவதில் எண்ணெய் அசையாமல் கிடக்கும். நீர் ஓடும் வழியை, நீரில் ஊதிக் கூழாகும் ஜெல் துகள்களால் நெருக்கி, நீரை இரண்டாவது அடுக்கின் பக்கம் திருப்புவதுதான் இங்கே வேலை.

எண்ணெய் எடுக்கும் உற்பத்திக் கிணற்றில் நீர் பெருகியதுமே ஜெல்லைத் தேடுவது முதல் தவறு. அந்த நீர் அடியிலிருந்து கூம்பாக ஏறி வந்திருக்கலாம். குழாய்க்கு வெளியே உள்ள சிமென்ட் விரிசல் வழியாகவும் கசிந்திருக்கலாம். அப்படியானால், நீரை உள்ளே அனுப்பும் செலுத்து கிணற்றில் கொட்டும் துகள் அத்தனையும் வீண். நீரின் பாதையைக் காட்டும் சுவடறி பொருளை, செலுத்தும் நீரில் கலந்து அனுப்பி, எந்தக் கிணற்றில் எத்தனை நாளில் தலைகாட்டுகிறது என்று பார்த்த பிறகு பேசலாம்.

அடுத்தது, வடிநீரில் மட்டும் சோதித்துத் திருப்தியடைவது; பெரிய செலவில்லாமல் தவிர்க்கக்கூடியது என்பதால் எனக்கு எரிச்சலூட்டுவது. இந்த ஜெல்லுக்குப் பயன்படும் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரின் உலர்ந்த துகள் உப்புப் பரல் போலத்தான் இருக்கும். வடிநீரில் போட்டால் நூறு மடங்குக்கும் மேல் ஊதி, விரலிடையில் வழுக்கும். கண்ணுக்கு அழகுதான்! ஆனால் பாறையின் உப்புநீரில் அதே துகள் அதில் சிறு பங்குகூட ஊதாமல் போகலாம். கால்சியமும் வெப்பமும் சேர்ந்தால் நாளடைவில் சுருங்கி, குடித்த நீரைக் கக்கிவிடும். சோதனை அந்தப் பாறையின் நீரிலேயே, அதன் வெப்பநிலையிலேயே, வாரக்கணக்கில் நடக்க வேண்டும்.

சல்லடை அளவை மட்டும் நம்பவும் கூடாது. மென்மையான ஜெல், தன்னைவிடக் குறுகிய துளையிலும் நசுங்கிப் புகுந்துவிடும். விறைப்பானது கிணற்று முகப்பிலேயே படலமாகப் படியும். ஊதிய அளவும் வலிமையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

அவசரப்பட்டு அழுத்தத்தைப் பாறை பிளக்கும் எல்லைக்கு மேல் ஏற்றினால், புது விரிசல் ஒன்றை நாமே நீருக்குத் திறந்து கொடுத்தவர்களாவோம்.

அடுக்குகளுக்கிடையே நீர் எளிதில் புகாத களிப்பாறைத் தடுப்பு இல்லாத இடத்தில் சில மீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஜெல் இட்டால், நீர் அதைச் சுற்றிக்கொண்டு பழைய வழிக்கே திரும்பும். அங்கே துகள்கள் வெகுதூரம் உள்ளே போயாக வேண்டும். செலவும் அதற்கேற்ப ஏறும்.

செலுத்தும் அழுத்தம் உயர்ந்ததைக் கண்டு வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணெய் உள்ள அடுக்கின் முகப்பு அடைபட்டாலும் அழுத்தம் உயரத்தான் செய்யும். பார்க்க வேண்டியது உற்பத்திக் கிணறுகளில் வெளிவரும் திரவத்தில் நீரின் விகிதம், அதுவும் பல மாதங்களுக்கு.